இடித்தவர் கையாலேயே கட்டவைத்த பப்: கில்பர்ன் கார்ல்டன் டேவர்ன், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஏப்ரல் 8, புதன்கிழமை. ஈஸ்டர் விடுமுறை முடிந்து லண்டன் மறுபடி வேலையில் இறங்கிய வாரம். வடமேற்கு லண்டனின் கில்பர்ன் பகுதியில், கார்ல்டன் வேல் தெருவில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு பப்பை இயந்திரங்கள் வந்து இடித்துத் தள்ளின. பப்பை நடத்திவந்த பெண்மணிக்கே அது தெரியாது. இருப்புக் கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடிவையுங்கள் என்று ஈஸ்டர் திங்கள் அன்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டே நாளில் கட்டடத்தின் பெரும்பகுதி செங்கல் குவியலாகிவிட்டது.

உரிமையாளரான மனைவணிக நிறுவனம் அந்த இடத்தில் 10 ஃபிளாட்கள் கட்ட அனுமதி கேட்டிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், அதாவது அப்பகுதியின் உள்ளாட்சி மன்றம், மறுத்துவிட்டது. மறுபுறம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு இந்தக் கட்டடத்தை இரண்டாம் நிலைப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் சேர்க்கப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. முடிவு சில நாள் தொலைவில் இருந்தது. அதற்குள் கட்டடம் போய்விட்டது.

இப்படிப்பட்ட கதைகள் வழக்கமாக அபராதத்தில் முடியும். கட்டுபவர் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்வார். சில வருடத்தில் புதுக் கட்டடம் எழும்பும். கார்ல்டன் டேவர்ன் அப்படி முடியவில்லை. இடித்த நிறுவனமே, இருந்தது போலவே, அச்சாக அதைத் திரும்பக் கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் திட்டமிடல் வரலாற்றில் அபூர்வமான முடிவு இது. அது எப்படிச் சாத்தியமானது என்று பார்ப்பதற்கு முன், ஒரு பழைய பப்பைக் கடையாகவும் ஃபிளாட்டாகவும் மாற்ற இத்தனை பேர் ஏன் துடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஆசையின் கணக்கு தெரியாமல் சட்டத்தின் ஓட்டை புரியாது.

மேல்மாடியின் விலை

லண்டனில் 2001-இல் 4,835 பப்கள் இருந்தன. 2016-இல் 3,615. லண்டன் மேயர் அலுவலகம் எடுத்த கணக்கு இது: பதினைந்து ஆண்டில் 1,220 பப்கள், நான்கில் ஒன்று, இல்லாமல் போயின.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 2007 ஜூலையில் வந்த புகைத்தடை. பீர் மீதான வரி. சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் டின் பீர். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை வியாபாரத்தைக் குறைக்கும் காரணங்கள். வியாபாரம் நன்றாக நடந்த பப்களும் ஏன் மூடப்பட்டன என்பதற்கு நிலத்தின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

1989-இல் பிரிட்டிஷ் அரசு பீர் ஆணைகள் என்று அழைக்கப்படும் விதிகளைக் கொண்டுவந்தது. 2,000-க்கு மேல் பப் வைத்திருந்த, பீர் காய்ச்சும் மதுவாலைகள், அந்த எண்ணிக்கையைத் தாண்டியவற்றில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விட வேண்டும். ஏகபோகத்தை உடைக்க வந்த ஆணை அது. நடந்ததோ வேறு. மதுவாலைகள் விட்டவற்றைப் பப் நிறுவனங்கள் என்ற புது வகை வணிகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள், பெரும்பாலும் கடன் வாங்கி. பீர் காய்ச்சுபவருக்குப் பப் என்பது தன் சரக்கை விற்கும் வாசல். கடனில் வாங்கியவருக்கு அது சொத்துப் பட்டியலில் ஒரு வரி. 2008-க்குப் பிறகு கடன் கழுத்தை நெரித்தபோது அந்த வரிகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் பீர் ஊற்ற வரவில்லை.

ஒரு சாதாரண லண்டன் பப்பை மனதில் வைத்துப் பாருங்கள். தெருமுனை. கீழ்த்தளத்தில் அகலமான கூடம், அதற்குக் கீழே பீர் பீப்பாய்கள் வைக்கும் நிலவறை. முதல் மாடியில் கல்யாணம், பிறந்தநாள், சங்கக் கூட்டம் நடக்கும் அறையும் சமையலறையும். அதற்கு மேல் நடத்துபவரின் குடும்பம் வாழும் வீடு. பின்னால் சிறு தோட்டம். பப்பாக இதன் மதிப்பு, வருடத்திற்கு எவ்வளவு விற்கும் என்பதைப் பொறுத்தது. கீழே கடை, மேலே ஃபிளாட் என்று பிரித்துவிட்டால் மதிப்பு அந்தத் தெருவின் வீட்டு விலையைப் பொறுத்தது. லண்டனில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்த ஆய்வின் மூலக்காரணம். பப் நன்றாக ஓடினாலும் அந்தத் தூரத்தை அதனால் தாண்ட முடியாது.

கீழ்த்தளம் கடைக்காரருக்கு ஏன் பிடித்தது என்பதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. 1994-ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். அதற்குக் குறைந்த கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் தெருமுனைச் சிறுகடைகளைத் தேடி அலைந்தன. ஒரு பப்பின் கூடம் அந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்கும். முனை இடம், கண்ணில் படும் முகப்பு, சரக்கு இறக்கப் பின்வாசல், சேமிப்புக்கு நிலவறை. தேடியவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

இதில் இன்னொன்றும் இருந்தது. அனுமதியே கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் அன்றைய விதிகளில் ஒவ்வொரு கட்டடமும் ஒரு பயன்பாட்டு வகைக்குள் வரும். பப்கள் ஏ4, கடைகள் ஏ1. ஏ4-லிருந்து ஏ1-க்கு மாற விண்ணப்பம் தேவையில்லை என்று விதி. நூறு ஆண்டு பப்பை ஒரே இரவில் மளிகைக்கடையாக்கலாம். ஊர்மக்களின் கருத்தைக் கேட்கும் வாய்ப்பே கவுன்சிலுக்குக் கிடையாது. புதுப் பெயர்ப் பலகைக்கும் குளிரூட்டும் இயந்திரத்துக்கும் மட்டும் அனுமதி கேட்டால் போதும். பப்பைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பெயர்ப் பலகையை எதிர்த்து மனு எழுதிய பரிதாபம் இதனால்தான் நடந்தது.

சத்தமில்லாத வழி: செஷம் ஆர்ம்ஸ்

இடித்துத் தள்ளுவது முரட்டு வழி. சத்தமில்லாத வழி ஒன்று உண்டு. அதுவே அதிகம் நடப்பது. கிழக்கு லண்டனில் ஹாக்னி கவுன்சில் எல்லைக்குள், மெஹெட்டபெல் சாலையில் உள்ள செஷம் ஆர்ம்ஸ் என்ற விக்டோரியா காலச் சிறு பப் அதற்கு உதாரணம். கார்ல்டன் வழக்கை நன்றாகப் புரிந்துகொள்ள இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2012 அக்டோபரில் அது மூடப்பட்டது. வாங்கியவர் கீழ்த்தளத்தை அலுவலகமாக்கினார். மேல்மாடியைத் தனி ஃபிளாட்டாக வாடகைக்கு விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆனால் நடத்துபவர் தங்க இடமில்லாத பப்பை யார் எடுத்து நடத்துவார்? இரவு பதினொரு மணிக்குக் கடைசி மணி அடிக்கும் கூடத்துக்கு மேலே, காலை ஆறு மணிக்கு எழும் ஒரு குடும்பம் குடியிருந்தால் எத்தனை வாரம் புகார் இல்லாமல் ஓடும்? மேல்மாடியைப் பிரித்தெடுத்த அன்றே கீழே இருக்கும் பப்புக்கு நாள் குறிக்கப்படுகிறது. பப்பைக் காப்பாற்றிவிட்டோம், கீழ்த்தளத்தில் அப்படியே இருக்கிறது என்று சொல்லும் திட்டங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். நிலவறையும் சமையலறையும் தோட்டமும் இல்லாத ஒரு கூடத்தை மட்டும் மிச்சம் வைப்பார்கள். நடத்த யாரும் வரமாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, யாரும் வரவில்லை என்பதையே ஆதாரமாகக் காட்டிக் கடைக்கு அனுமதி கேட்பார்கள்.

காலமும் அவர்கள் பக்கம் இருந்தது. அனுமதி இல்லாமல் ஒரு கட்டடத்தை வீடாக மாற்றி நான்கு ஆண்டுகள் யாரும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது என்று விதி இருந்தது. அதனால் மேல்மாடி ஃபிளாட்டில் விளக்கு எரிவதை யாராவது கவனித்துக் கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இந்த நான்கு ஆண்டு 2024 ஏப்ரலில்தான் பத்து ஆண்டாக நீட்டப்பட்டது.

செஷம் ஆர்ம்ஸின் அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள். 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தந்த ஒரு வழியைப் பிடித்தார்கள். ஊர்மக்கள் கூட்டாக விண்ணப்பித்து ஒரு கட்டடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று கவுன்சில் பட்டியலில் ஏற்றலாம். அப்படி ஏற்றிய கட்டடத்தை விற்க வந்தால் ஊர்ச் சங்கம் வாங்கப் பணம் திரட்டுவதற்காக ஆறு மாதம் விற்பனையை நிறுத்திவைக்க முடியும். 2013-இல் செஷம் ஆர்ம்ஸ் அந்தப் பட்டியலில் ஏறியது. உரிமையாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார், தோற்றார். மேல்மாடியைத் தனி ஃபிளாட்டாக்கியதற்கு எதிராகக் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் அனுப்பியது. அதை எதிர்த்த மேல்முறையீடும் தோற்றது. மூடிக் கிடந்த அந்த வாசல் 2015-இல் மறுபடி பப்பாகவே திறந்தது.

கார்ல்டனில் ஆபத்து வேறு வடிவில் வந்தது. காரணம், அங்கே கட்டடமே ஒரு பொக்கிஷம்.

கட்டடம்

1918 மே மாதத்தில் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் நடத்திய குண்டுவீச்சில் அந்த இடத்தில் இருந்த பழைய பப் அழிந்தது. அதே இடத்தில் சாரிங்டன் மதுவாலை 1920–21-இல் புதிதாகக் கட்டியது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஜே. பாட்டர். இரண்டாம் உலகப் போரில் சுற்றுப்புறம் குண்டுவீச்சில் நொறுங்கியபோதும் அது தப்பித்தது. எதிரிலிருந்த பழைய தெருக்கள் போய்க் கவுன்சில் அடுக்குமாடிகள் வந்தபோதும் அது அப்படியே நின்றது.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் மதுவாலைகளுக்கு ஒரு புது நினைப்பு வந்திருந்தது. பப் என்றால் ஆண்கள் நின்றுகொண்டே குடித்துத் தள்ளாடும் இடம் என்ற கெட்ட பெயரைப் போக்க வேண்டும். பெண்களும் குடும்பமும் வந்து உட்கார்ந்து சாப்பிடும் கண்ணியமான இடமாக்க வேண்டும். அதனால் நல்ல வெளிச்சம், உட்கார இடம், சாப்பாட்டு அறை, தரமான மரவேலை எல்லாம் வந்தன. அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் கட்டப்பட்டது கார்ல்டன் டேவர்ன். வெளியே கீழ்த்தள முகப்பு முழுக்கப் பளபளப்புப் பூச்சு ஏற்றிய சுடுமண் ஓடுகள். அவற்றிலேயே மதுவாலையின் பெயர்ப் பலகைகள். மேலே செங்கல். உள்ளே மரப் பலகை பதித்த அறைகள், அகலமான கணப்புகள், வேலைப்பாடுள்ள சுண்ணாம்புக் கூரை.

இதே காலத்துப் பப்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உள்சுவர்களை உடைத்து ஒரே பெரிய கூடமாக்குவது வழக்கமாகிவிட்டது. கார்ல்டனில் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. உள்ளும் புறமும் 1921-இல் இருந்தது போலவே பெரும்பாலும் நின்றது. அதனால்தான் பாரம்பரியப் பட்டியலுக்கு அது தகுதி பெறும் நிலைக்கு வந்தது.

பட்டியலில் ஏறும் முன் இருக்கும் பள்ளம்

பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதி இல்லாமல் இடித்தால் அது குற்றம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் கிடைக்கலாம். பட்டியலில் இல்லாத கட்டடத்தை இடிப்பது பொதுவாக அப்படியல்ல. விதிமீறல்தான், இடித்த செயலுக்காக யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. அதனால் பட்டியலில் ஏறுவதற்கு முந்தைய நாளும் ஏறிய நாளும் சட்டத்தின் கண்ணில் இரு வேறு உலகங்கள்.

கொடுமை என்னவென்றால், பரிசீலனை நடக்கிறது என்ற செய்தி முறைப்படி உரிமையாளருக்குப் போகும். அவர் கருத்தைக் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து முடிவு வரும் நாள்வரை கட்டடத்துக்குத் தானாக எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கவுன்சில் நினைத்தால் ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நோட்டீஸ் ஒட்டலாம். ஆனால் கடைசியில் கட்டடம் பட்டியலில் ஏறாமல் போனால் உரிமையாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கவுன்சில் கொடுக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. எந்தக் கவுன்சில் அந்தத் துணிச்சலோடு கையெழுத்துப் போடும்? வேல்ஸில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசீலனைக் காலத்திலேயே பாதுகாப்பு கிடைக்க வழி செய்தது. இங்கிலாந்தில் நஷ்டஈட்டுப் பயத்தை நீக்கும் பிரிவு 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

விடுமுறையைப் பார்த்து இடிப்பதும் புதிதல்ல. மேற்கு லண்டனின் பிரெண்ட்ஃபோர்டில் ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை என்று ஓர் அழகிய கட்டடம் இருந்தது. அதையும் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1980 ஆகஸ்டு வங்கி விடுமுறையில், அலுவலகங்கள் மூடியிருந்த நேரம் பார்த்து, உரிமையாளர்கள் முகப்பை இடித்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கட்டடங்களைப் பட்டியலில் ஏற்றும் வேகம் கூடியது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, அதே காலத்துக் கட்டடம் ஒன்று, அதே போல ஒரு விடுமுறையை ஒட்டி விழுந்தது.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பெயரில் அந்த அமைப்பு இயங்கத் தொடங்கியது 2015 ஏப்ரல் 1. சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலில் ஏறிய பப்களை அனுமதி இல்லாமல் கடையாக மாற்றவும் இடிக்கவும் முடியாது என்ற புது விதி அமலுக்கு வந்தது ஏப்ரல் 6. பப்பை மூடச் சொன்னதும் ஏப்ரல் 6. இடித்தது ஏப்ரல் 8.

நோட்டீஸ்

இந்த இடத்தில் உள்ளூர்க்காரர்களின் முன்யோசனைக்கு வருகிறேன். இந்த வழக்கின் உயிர்நாடி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஃபிளாட் திட்டம் வந்த நாளிலிருந்தே அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. பப் பாதுகாப்பில் அனுபவமுள்ளவர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்திடம் அவசரமாகப் பரிசீலிக்கக் கேட்டது அவர்கள்தான். அந்தப் பரிசீலனைக்காக வல்லுநர்கள் வந்து கட்டடத்தை அறை அறையாகப் பார்த்துப் படம் எடுத்தார்கள். ஓடுகளுக்கு அச்சு வார்ப்புகூட எடுத்து வைத்திருந்தார்கள் என்று பிரசாரத்தில் இருந்தவர்கள் பின்னர் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். கட்டடம் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் ஏற்றுவதற்காகச் செய்த வேலை முழுவதும் காகிதத்தில் தங்கிவிட்டது. இடித்தவர்கள் செங்கல்லைத்தான் இடித்தார்கள், பதிவை அல்ல.

அது ஏன் முக்கியம்? பிரிட்டனின் 1990-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தில் 173-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் ஒரு கட்டடத்தை இடித்திருந்தால், இடித்ததை முடிந்தவரை ஒத்த மாற்றுக் கட்டடத்தை எழுப்பும்படி அமலாக்க நோட்டீஸில் கேட்கலாம் என்று அதன் ஆறாவது உட்பிரிவு சொல்கிறது. கவுன்சில்கள் அரிதாகவே தொடும் அதிகாரம் இது. காரணம் எளிது. முடிந்தவரை ஒத்த என்றால் எதை ஒத்த? பழைய படம் நான்கும் நினைவும் மட்டும் கையில் இருந்தால், ஓட்டின் நிறம் என்ன, கூரைப் பூவேலை எப்படி, கணப்பு எத்தனை அகலம் என்று யார் சொல்வது? அளக்க முடியாததைக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டால் மேல்முறையீட்டில் நிற்காது. கார்ல்டனில் அளவு இருந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அந்தப் பிரிவைக் கையில் எடுத்தது. பப்பை, இடிப்பதற்கு முன் இருந்தது போலவே, முழுப் பிரதியாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியது. மறுபடி கட்டு என்று 5,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். கட்சிகளைக் கடந்து உள்ளூர் உறுப்பினர்கள் சேர்ந்து நின்றார்கள். கார்ல்டன் வேல் தெரு இரண்டு கவுன்சில்களின் எல்லையில் உள்ளது: தெற்கே வெஸ்ட்மின்ஸ்டர், வடக்கே பிரெண்ட். எல்லை எதுவானாலும் இருபுறத்து மக்களும் போய்வந்த பப் அது என்பதால் ஆதரவும் இருபுறத்திலிருந்தும் வந்தது.

உரிமையாளர் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2016-இல் பொது விசாரணை நடந்தது. இங்கிலாந்தில் இந்த விசாரணைகளுக்குத் திட்டமிடல் ஆய்வாளர் ஒருவர் தலைமை தாங்குவார். இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்து வாதாடலாம். தெருக்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கில்பர்ன்காரர்கள் பேசினார்கள். ஆய்வாளர் கவுன்சிலின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: பப்பைத் திரும்பக் கட்டியே ஆக வேண்டும். ஃபிளாட் கனவு அங்கே முடிந்தது.

நோட்டீஸுக்குப் பணியாமல் இருப்பது குற்றம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடித்தது வெறும் விதிமீறலாக இருந்தாலும், கட்டு என்ற உத்தரவை மீறினால் வரம்பில்லாத அபராதம். நோட்டீஸ் அந்த நிலத்தோடு ஒட்டியிருக்கும். விற்றாலும் போகாது, வாங்குபவர் தலையில் ஏறும். பட்டியல் தவறவிட்ட கடிவாளத்தை நோட்டீஸ் வேறு வழியில் மாட்டியது.

பிரதி

கட்டுவதற்கு ஆண்டுகள் பிடித்தன. இடிபாடுகளிலிருந்து மீட்க முடிந்தவற்றை மீட்டுப் பயன்படுத்தினார்கள். மற்றதைப் படங்களையும் பதிவுகளையும் வைத்துப் புதிதாகச் செய்தார்கள். சுடுமண் ஓடுகளை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டுப் பழைய நிறத்துக்கு மெருகேற்றும் கைவேலை சுலபமானதல்ல. சுண்ணாம்புக் கூரை வேலையும் அப்படியே. பத்து ஃபிளாட்டின் லாபத்துக்காகத் தொடங்கியது, நூறு ஆண்டுக்கு முந்தைய கைவினைக்குக் கூலி கொடுப்பதில் முடிந்தது.

இந்தப் பிரதிக்கு வரலாற்று மதிப்பு உண்டா என்று கட்டடப் பாதுகாப்புத் துறையில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1921-இல் ஒரு கொத்தனார் பூசிய சுண்ணாம்பு வேறு, 2020-இல் அதைப் பார்த்துப் பூசியது வேறு. தொண்ணூறு ஆண்டுக் கைகள் தேய்த்த மரத்தை யாராலும் பிரதி எடுக்க முடியாது. அந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் பிரதியின் பக்கமே நிற்கிறேன், இரண்டு காரணத்துக்காக.

ஒன்று, அந்த இடத்தில் நிற்பது மூன்றாவது பப். முதலாவதைக் குண்டு அழித்தது. ஊர் இரண்டாவதைக் கட்டிக்கொண்டது. இரண்டாவதை இயந்திரம் அழித்தது. ஊர் மூன்றாவதைக் கட்டவைத்தது. கட்டடம் இரண்டு முறை போனாலும் அந்த முனையில் பப் இருப்பது என்ற வழக்கம் அறுபடவில்லை. இழந்தது கட்டடம் மட்டுமல்ல, அந்த வழக்கமும்தான் என்றால், மீண்டதிலும் அது உண்டு.

மற்றது, அடுத்த மனைவணிகர். இடித்துவிட்டால் கதை முடிந்தது என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட இடிப்புகள் நடக்கின்றன. அபராதத்தைக் கணக்கில் எழுதலாம். அதே கட்டடத்தை இரண்டாம் முறை கட்டும் செலவையும், ஆறு ஆண்டு முடங்கிய முதலையும் எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

பிறகு மாறியவை

கார்ல்டன், செஷம் போன்ற வழக்குகளும் பல ஆண்டுப் பிரசாரமும் சேர்ந்து 2017 மே 23 அன்று பெரிய ஓட்டையை அடைத்தன. அன்றிலிருந்து இங்கிலாந்தில் எந்தப் பப்பையும், எந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்ட அனுமதி இல்லாமல் கடையாக மாற்றவும் முடியாது, இடிக்கவும் முடியாது. 2020 செப்டம்பரில் பயன்பாட்டு வகைகளைத் திருத்தியபோது பப்பை எந்த வகைக்குள்ளும் அடைக்காமல் தனித்து வைத்தார்கள். எதிலிருந்தும் எதற்கும் தானாக மாற முடியாத இடம் அது.

2021-இல் வந்த லண்டன் பெருந்திட்டத்தில் பப்களுக்கென்றே ஒரு கொள்கை இருக்கிறது. பப்பை மூடி வேறொன்றாக்க விரும்புபவர், குறைந்தது 24 மாதம் நியாயமான விலையில் பப்பாகவே விற்க முயன்றும் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு வரி: மேல்மாடி, தோட்டம், நடத்துபவரின் வீடு ஆகியவற்றைப் பிரித்தெடுப்பது பப்பின் பிழைப்பைக் கெடுக்குமானால் அதையும் தடுக்க வேண்டும். செஷம் ஆர்ம்ஸின் மேல்மாடியில் படித்த பாடம் விதியாகிவிட்டது.

எல்லா மாற்றமும் தவறு என்று நான் சொல்லவில்லை. சுற்றிலும் வீடுகள் காலியாகி, பத்து ஆண்டு பூட்டிக் கிடந்து, கூரை ஒழுகும் பப்பைக் கடையும் வீடுமாக்கி உயிரோடு வைப்பது நல்ல காரியமாகவும் இருக்கலாம். முகப்பு ஓடுகளையும் பழைய பெயரையும் காப்பாற்றிக்கொண்டு மளிகைக்கடை நடக்கும் முனைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. ஆட்கள் வந்துபோகும் பப்பை, நில விலைக்காக மட்டும், ஊரைக் கேட்காமல் மூடுவதுதான் பிரச்சினை.

சட்டம் இறுகியும் ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. 2023 ஆகஸ்டு 5 இரவு, ஸ்டாஃபோர்ட்ஷயரில் சுரங்க நிலம் தாழ்ந்து சாய்ந்தே நின்றதால் பெயர்பெற்ற குரூக்கட் ஹவுஸ் என்ற பப் தீப்பிடித்தது. அதை விற்றுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்டு 7 அன்று மிச்சச் சுவர்களும் இடிக்கப்பட்டன. அதையும் பட்டியலில் சேர்க்க ஏற்கெனவே கோரிக்கை போயிருந்தது. மறுபடி ஏப்ரல் 2015. ஆனால் இம்முறை என்ன கேட்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுன்சில், மூன்று ஆண்டுக்குள் திரும்பக் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியது. அந்த நாட்களில் பத்திரிகைகளும் உறுப்பினர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் கார்ல்டன் டேவர்ன்.

கார்ல்டன் திறந்த நாள் 2021 ஏப்ரல் 12. இடித்து ஆறு ஆண்டும் நான்கு நாளும் ஆகியிருந்தன. கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இங்கிலாந்தின் பப்கள் வெளிப்புற மேசைகளில் மட்டும் பரிமாறலாம் என்று அன்றுதான் அனுமதி கிடைத்தது. அதனால் கையெழுத்து வாங்கி அலைந்தவர்களும், விசாரணையில் எழுந்து பேசியவர்களும், திரும்பக் கிடைத்த பப்பின் முதல் கோப்பையைத் தெருவோரம் குளிரில் உட்கார்ந்துதான் குடித்தார்கள். புது ஓடுகள் பளபளக்க, பக்கத்திலேயே பழைய அறைகளின் பிரதி காத்திருந்தது. அதற்குள் உட்கார்ந்து குடிக்க அவர்களுக்கு மே 17 வரை ஆயிற்று.